பதினாறு எழுத்து நோய்

"கொஞ்சம் இருங்க, அந்த ரெண்டாவது வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் டெஸ்மண்ட்.

பதிவாளர் அம்மாள் பேனாவை நிறுத்தினாள். மியூரியல் பிக்கர்ஸ்கில், வயது எழுபத்தொன்று, இறந்த காரணம் என்று இரண்டு வரிகளை அப்போதுதான் வாசித்துக் காட்டியிருந்தாள். முதல் வரி பிராங்கோநியூமோனியா. அதைக் கொண்டுவந்து விட்ட அடிப்படை நோய் அடுத்த வரியில். கிழவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று குரலை உயர்த்தினாள். "எரித்ரோலுகேமியா, சார்."

காதுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இங்கிலீஷ்ல ரெண்டுமே பதினாறு எழுத்து! ரெண்டுலயும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ அஞ்சும் இருக்கு. ஒரே தாள்ல ரெண்டு. நாப்பது வருஷத்துல பாத்ததில்ல."

பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் ஹெதருக்கு உடம்பு கூசியது. அவருடைய கழுத்துப்பட்டையில் காலையில் சாப்பிட்ட முட்டையின் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. உதட்டோரத்தில் எச்சில். மனைவி செத்து இரண்டு நாள் ஆகிறது, ஐந்து உயிரெழுத்தும் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளைச் சேர்த்து வைக்கும் இந்த மனுஷனுக்குப் பொக்கிஷம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலும் இதே கூத்துதான். நுரையீரலில் என்ன வந்திருக்கிறது என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னபோது, "அது என்கிட்ட ஏற்கெனவே இருக்கு" என்றார். டாக்டர் பயந்துபோய் அவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார்.

ஆனால் இப்போது ஹெதரை உலுக்கியது அந்த இரண்டாவது வார்த்தை.

"லுகேமியான்னா ரத்தப் புற்றுநோய்தானே?" என்று கேட்டாள். "எங்கம்மாவுக்கு ரத்தம் கம்மி, அவ்வளவுதான். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்திக்குவாங்க."

"மன்னிக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்," என்றாள் பதிவாளர்.

"பழசுதான்," என்றார் டெஸ்மண்ட், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "மார்ச்சுலயே எடுத்துட்டேன்."

வீடு வந்து சேரும்வரை ஹெதர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரை எங்கேயாவது கொண்டுபோய் மோதிவிடுவோம் என்று பயமாக இருந்தது. மார்ச். இது அக்டோபர். ஏழு மாதம். ஜூலையில் இரண்டே நாள் வந்துவிட்டு ஓடினாள். ஆகஸ்டில் போர்ச்சுகல் போவதா வேண்டாமா என்று போனில் கேட்டபோது அம்மா, "போயிட்டு வாடி, நான் எங்க போயிடப்போறேன்" என்றாள். தெரிந்திருந்தால் போயிருப்பாளா? பிரிஸ்டலில் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து அம்மாவின் காலடியில் கிடந்திருப்பாள். அந்த ஏழு மாதத்தை இந்த மனுஷன் தன் வார்த்தை அட்டைகளை அடுக்கும் செருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்.

டெஸ்மண்ட் கோட்டைக் கழற்றவில்லை. நேரே போய்த் தொலைபேசியை எடுத்தார். வியாழக்கிழமை தோறும் நூலகத்தில் கூடும் வார்த்தைச் சங்கத்தின் செயலாளர் சிரில்தான் மறுமுனையில். "சிரில், உட்கார்ந்துக்கோ. ஒரே சர்ட்டிபிகேட்ல ரெண்டு. ஆமாய்யா, ரெண்டு! அடக்கம் வெள்ளிக்கிழமை, நீ வர்றப்போ காட்டறேன்."

ஹெதர் ரிசீவரை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்தாள்.

"மார்ச்சுலயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமே. ஆஸ்பத்திரியிலிருந்து காயிதம் வந்துச்சு. அம்மா படிச்சிக்கிட்டிருந்தா, நான் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். அஞ்சும் இருக்கு, போதாததுக்கு ஒய் வேற! நான் போட்ட கூச்சல்ல அவளே சிரிச்சிட்டா."

"சிரிச்சாங்களா?"

"விழுந்து விழுந்து."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"உனக்கா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உனக்குத்தான் இதுல எல்லாம் ஆர்வமே கெடையாதே."

சாப்பாட்டு அறைக்குப் போனாள். அலமாரி முழுக்கச் செருப்புப் பெட்டிகள். ஆங்கில ஈ எழுதியிருந்த பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் பொத்தென்று வைத்தாள். எடுங்க என்றாள். டெஸ்மண்ட் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு அட்டைகளைத் தள்ளினார். ஒவ்வொரு அட்டையிலும் அந்த எச்சில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு அட்டையை உருவி நீட்டினார். அவருடைய பெரிய எழுத்தில் அந்த வார்த்தை; ஐந்து எழுத்துகளுக்கு அடியில் சிவப்புக் கோடு.

"என்ன நோவுன்னு தெரிஞ்சும் இத்தனை மாசமா கூடவே உக்காந்து சாப்பிட்டீங்க."

"ரத்தக்குறைவுதான. அதுக்கு டாக்டருங்க வெச்சிருக்கற பேருன்னு சொன்னா. நான் கேட்டேனே."

"யாரக் கேட்டீங்க?"

"அம்மாவத்தான். வார்த்தைய நான் பிடிப்பேன், அர்த்தத்த அவ தேடிப் பின்னால எழுதுவா. கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான். நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல. சங்கத்துல யாரும் பாக்க மாட்டாங்க, அர்த்தத்துக்கு மார்க் கெடையாது."

ஹெதர் அட்டையைத் திருப்பினாள்.

அம்மாவின் சாய்ந்த, பொடி எழுத்து. 'எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய். அரிது. முதியவர்களிடம் மருந்து அநேகமாகப் பலிப்பதில்லை. சில மாதங்கள்.' கீழே தேதி: மார்ச் 14.

வேறொன்றும் இல்லை. அழுத தடம் இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி, உரிய இடத்தில் செருகி, பெட்டியை மூடியிருக்கிறாள். அவர் திருப்பிப் பார்க்கமாட்டார் என்று நம்பி வைத்தாளா, ஒரு நாளாவது பார்ப்பார் என்று வைத்தாளா? ஹெதருக்கு அம்மாமீதும் ஆத்திரம் வந்தது. வயிற்றில் பிறந்தவளிடம் சொல்லாததை ஓர் அட்டையிடம் சொல்லியிருக்கிறாள்.

"படிங்க," என்றாள்.

"எதுக்கு? எனக்குத்தான்..."

"படிங்கப்பா."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உதடுகள் அசைய, சின்னப் பிள்ளை வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். சுவரில் போன வருஷத்து நாட்காட்டி ஒன்றும் இந்த வருஷத்தது ஒன்றும் தொங்கின. எழுந்துபோய் இந்த வருஷத்ததின் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி மார்ச் மாதத்தில் விரல் வைத்தார்.

"அன்னைக்கு வியாழக்கிழமை," என்றார். "நான் இத எடுத்துக்கிட்டு சங்கத்துக்குப் போயிட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க. வந்தப்போ அவ மேஜையில டிக்ஷனரி போதாம வேற ஏதோ புத்தகம் வெச்சிருந்தா. சூப் சூடு பண்ணிக் குடுத்தா."

ஆறுதலாக ஒரு வார்த்தை ஹெதரிடம் இல்லை, இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டாள்.

டெஸ்மண்ட் திரும்பி வந்து உட்கார்ந்தார். அட்டையைப் பெட்டிக்குள் செருகப் போனார். எந்தப் பக்கம் முன்னால் இருக்கவேண்டும் என்று தெரியாதவர்போல அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார்.