தாக்கல் சொல்லுதோம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு காபிக் கடையில் ஜெனோ சொன்னது. ஜெனோ புன்னக்காயல்காரன், வாடகைக் கார் ஓட்டுகிறான். ஒரே சங்கதியை ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சொல்வான். எழுத்தாளனாக நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவன் காரில் ஏறியவள் பிரம்மநாயகி. ஆழ்வார்குறிச்சிப் பெண். நாடுகளுக்கே கடன் கொடுக்கும் ஒரு பெரிய பன்னாட்டு நிதி நிறுவனத்தின் டெல்லி அலுவலகத்தில் வேலை. அடுத்ததாக வாஷிங்டனுக்கு மாற்றல் கிடைக்கும் நிலையில் இருந்தாள்.

நான் கதையை இப்படித் தொடங்கினேன்:

‘வாஷிங்டனில் பனி பெய்துகொண்டிருந்தது. கண்ணாடிச் சுவரோரம் நின்ற பிரம்மநாயகி, தாமிரபரணியை நினைத்து—’

வேண்டாம். நான் பனியைப் பார்த்தது குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டும்தான். தவிர, அவள் அங்கே நின்று ஏங்க ஆரம்பித்தால் நானும் சேர்ந்து ஏங்கிவிடுவேன். கதை நகராது.

2

அந்த நிறுவனத்தில் யாரும் ‘சரி’ என்று சொல்வதில்லை. ‘ஆட்சேபணை இல்லை’ என்பார்கள். அதைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. ஒரு திட்டத்தை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். கெடு முடியும்வரை யாரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறிவிட்டது.

(அடியில் போடவேண்டிய குறிப்பு: இதைக் கேட்டதும் என் மனைவி, “நம்ம வீட்டுலயும் அப்படித்தானே நடக்கு” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

பல வருடங்களாக இந்தப் பழக்கத்தில் ஊறிய பிரம்மநாயகி, ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஒரு கால்வாய்க்கரை ஊருக்கு வந்து சேர்ந்தாள். கால்வாயின் இரண்டு கரையிலும் சிமெண்டுச் சுவர் கட்டும் திட்டம். தண்ணீர் வீணாகாமல் கடைசி வயல்வரை போகும். நல்ல திட்டம்தான். ஆனால் வரைபடத்தில் சுவர் செங்குத்தாக இருந்தது. பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் இறங்குகிற படித்துறை அதில் இல்லவே இல்லை. கோடையில் குழாயை நம்பமுடியாத ஊர் அது.

சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டி, படம் போட்டு விளக்கினாள். கடைசியில் கேட்டாள்: “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

மின்விசிறி மட்டும் கடகடத்தது. பிறகு மகளிர் குழுத் தலைவி அன்னத்தாய் எழுந்தாள். பிரம்மநாயகியைவிட இரண்டொரு வயது மூத்தவள்.

“யோசிச்சுத் தாக்கல் சொல்லுதோம்மா. மொதல்ல சாப்பிட வாங்க.”

சாப்பிட்டாள். காரில் ஏறினாள். மடிக்கணினியைத் திறந்து, ‘ஊர் மக்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று அறிக்கையை முடித்து அனுப்பிவிட்டாள்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கிவிட்டால் கதை தானாக ஓடும். ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவைத்தேன். ஜெனோவிடம் வாசித்துக் காட்டினேன்.

“என்ன அண்ணாச்சி இப்படி எழுதுதீய? அந்தம்மா சொதியை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவ. அவியளைப் போயி...”

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். மூக்கையும் நேராக்கியாயிற்று.

சரி, கெட்டவள் இல்லை. அப்படியென்றால் எப்படித் தவறினாள்? தாக்கல் என்றால் செய்தி என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைத் தின்று முடித்து, ‘ஊருக்குப் போயித் தாக்கல் சொல்லுதோம்’ என்று எழுந்தால், அந்தத் தாக்கல் ஒருநாளும் வராது என்பதும் தெரியும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. பிரம்மநாயகி அதைத் தன் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று பலமுறை கேட்டவள். வந்தவர்களின் கார் தெருமுனை திரும்புவதற்குள் அவள் அப்பா வைத்தியலிங்கம் வாடகை நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிடுவார். அவள் முகத்தைக் கழுவிவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுப்பாள். டெல்லிவரை அவளைக் கொண்டுபோனது அந்தப் படிப்புதான்.

இவ்வளவும் தெரிந்தவள், அன்றைக்கு மட்டும் நிறுவனத்தின் காதால் கேட்டுவிட்டாள்.

4

செய்துங்கநல்லூர் தாண்டும்போது, ஒரு வீட்டு வாசலில் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

(ஜெனோ சொன்னதில் நாற்காலி கிடையாது. ‘அந்தம்மா திடீர்னு திருப்பச் சொன்னாவ’ என்று மட்டும்தான் சொன்னான். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, போட்டுக்கொண்டேன்.)

“ஜெனோ, வண்டியைத் திருப்புங்க.”

“எதையும் விட்டுட்டு வந்துட்டியளாம்மா?”

“ஆமா. கேக்க வேண்டியதைக் கேக்காம வந்துட்டேன்.”

பெண்கள் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிரம்மநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அலுவலகக் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. இந்த முறை ஆட்சேபணை பற்றி அவள் பேசவே இல்லை.

“சுவர் கட்டுனா, எங்கெங்க படி வேணும்?”

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“இங்கன அகலமா வேணும், போர்வை அலச.”

“வழுக்காத கல்லாப் போடச் சொல்லுங்க.”

“மாசமா இருக்கவ பைய எறங்க ஒரு கம்பி வேணும்லா?” என்றாள் அன்னத்தாய்.

“இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமேக்கா?”

“வீட்டுக்கு வந்தவியகிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா வேண்டாம்னு சொல்ல? அதான் தாக்கல் சொல்லுதோம்னேன். நீங்க நம்ம பக்கத்துப் பிள்ளை, புரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்.”

பிரம்மநாயகிக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

5

இனி முடிவு. அறிக்கை போய்விட்டது. மறுநாள் மாலை கெடு. அதற்குள் யாராவது ஆட்சேபிக்கவேண்டும். நிறுவனத்தில் அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் படித்துறை தெரியாது. தான் எழுதிய அறிக்கைக்குத் தானே ஆட்சேபணை சொன்னவர் அந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் இல்லை. அந்த அறிக்கையைப் பார்க்கும் மேலதிகாரிதான் வாஷிங்டன் மாற்றலிலும் கையெழுத்துப் போடவேண்டியவர்.

முடிவு அ: ஆட்சேபிக்கிறாள். மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டுகிறார். (ஜெனோ சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பேசாமல் வாஷிங்டன் போகிறாள். கண்ணாடிச் சுவரோரம் நின்று... மறுபடியும் பனி. இதையும் கிழித்தாயிற்று.

ஜெனோவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: திரும்பும் வழியெல்லாம் ஈரக் காலோடு பின்னிருக்கையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள், அழித்தாள், மறுபடியும் செய்தாள். ஜங்ஷன் வந்தும் இறங்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லத் திரும்பினான். அவள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். என்ன எழுதியிருப்பாள் என்று நானே எழுதுகிறேன்:

‘என் அறிக்கைக்கு நானே ஆட்சேபணை தெரிவிக்கிறேன். ஊர் சம்மதித்ததாக எழுதியது தவறு. சுவர் கட்டலாம், படித்துறையோடு. எங்கெங்கே படி, எவ்வளவு அகலம் என்பதைக் கேட்டு வந்திருக்கிறேன்.’

அனுப்பும் பொத்தானுக்கு மேலே அவள் விரலை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். பாவம், வலிக்கும். சீக்கிரம் சொல்லுங்கள்.

அந்த நிறுவனத்து வழக்கப்படி, கடைசி வரிவரை நீங்கள் பேசாமல் இருந்தால், உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நானே அனுப்பவைத்துவிடலாம். என் ஆசையும் அதுதான். ஆனால் இவ்வளவையும் எழுதிவிட்டு, உங்கள் மௌனத்தை எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்? அதனால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ‘அனுப்பு தாயி’ என்று பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னால் போதும்.

யோசித்துத் தாக்கல் சொல்லுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். நாற்காலியை மடக்க ஆரம்பித்துவிடுவேன்.