கொதிக்க விட்ட பாகு

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். எரியாவிட்டால் அடுத்த வீடு. அயோவா மாநிலத்து டிமாய்ன் நகரத்தில் அக்டோபர் முப்பதாம் தேதி சாயங்காலம் அதுதான் சட்டம். மற்ற ஊர்களில் ஹாலோவீனுக்கு முப்பத்தொன்றாம் தேதிதான் பிள்ளைகளைப் பேய், பூத வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்க அனுப்புவார்கள். இங்கேயும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு நாள் முன்னால், ஆறிலிருந்து எட்டு வரை. சும்மா பையை நீட்டினால் மிட்டாய் விழாது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும்.

கார்பின் ஹேவர்காம்ப் இந்த வருஷம் விளக்கைப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

மார்ச்சில் அவன் மனைவி மேரன் இறந்துபோனாள். அதிலிருந்து வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எப்படி இருக்கே? அவனிடம் அதற்குப் பதில் இல்லை. இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தான். தலைகள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தன. அவர்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்கள், அடியில் பெயரெழுதி ஒட்டிய காகிதத்தோடு, நிலவறையில் அடுக்கிக் கிடந்தன. திருப்பிக் கொடுக்கப் போனால் மறுபடியும் அந்தக் கேள்வி. அவன் போகவில்லை.

எனவே மேரனின் அக்கா ஜோலீன் ஐந்தரைக்கு வந்து பிள்ளைகளைப் பக்கத்து ஊரான ஆங்கெனியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள், அங்கே அவர்கள் வீடு வீடாகப் போவார்கள், இவன் இருட்டில் உட்கார்ந்திருப்பான். போனில் பேசி முடிவானது. ஜோலீன் சரி என்றாள். ஐந்து வயது ஓடிஸ் சரி என்றான். எட்டு வயது லினியா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னாள்.

"இந்த வருஷம் நான்தான் நீதிபதி. அம்மா சொல்லிட்டாங்க."

அது உண்மைதான். மேரன் வாசல்படியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து ஜோக்குகளுக்குத் தீர்ப்பு சொல்வாள். நல்ல ஜோக்குக்கு ஒரு துண்டு. மட்டமான ஜோக்குக்கு இரண்டு, சொன்ன தைரியத்துக்காக. போன வருஷம் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்தபோது, அடுத்த வருஷம் வாளி உனக்கு என்று மகளிடம் சொன்னாள். கார்பினும் பக்கத்தில் நின்றான்.

கொடுக்க ஒன்றும் இல்லையே என்றான் அவன். அதுவும் உண்மை. அவன் மிட்டாய் வாங்கவில்லை. இனிமேல் கடைக்குப் போனால் கிறிஸ்துமஸ் சாமான்தான் இருக்கும்.

"ஸ்காச்சரூ செய்யலாம்" என்றாள் லினியா.

அயோவாவில் அதைச் செய்யத் தெரியாதவர் கிடையாது. சோளப்பாகையும் சர்க்கரையையும் அடுப்பில் காய்ச்சி, நிலக்கடலை வெண்ணெயைக் கலந்து, அரிசிப் பொரியைக் கொட்டிக் கிளறித் தட்டில் அழுத்த வேண்டும். மேலே உருக்கிய சாக்லெட்டும் பட்டர்ஸ்காட்சும். ஓவன் வேண்டாம், பேக்கிங் வேண்டாம். கல்யாணம், சாவு, சர்ச் விருந்து எல்லாவற்றிலும் அது ஒரு மூலையில் இருக்கும். பொதுவாக அடுத்த வீட்டில் செய்த பண்டத்தை யாரும் இந்த நாளில் பிள்ளையைத் தின்ன விடமாட்டார்கள். உறை போட்ட மிட்டாய்தான். அந்தத் தெருவில் மேரனின் தட்டுக்கு மட்டும் விலக்கு. பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கும் அப்பன்மாரும் வெட்கமில்லாமல் கை நீட்டுவார்கள்.

லினியா ஒரு பேரம் பேசினாள். ஸ்காச்சரூ நன்றாக வந்தால் விளக்கைப் போட வேண்டும், அவளும் ஓடிஸும் இங்கேயே இருப்பார்கள். நன்றாக வராவிட்டால் ஜோலீன் பெரியம்மாவோடு வாயைத் திறக்காமல் போய்விடுவாள். கார்பின் ஒப்புக்கொண்டான். மறுக்க வேண்டுமானால் பேச வேண்டும். ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது.

வீட்டில் எல்லாம் இருந்தது, மேரனின் தகரத் தட்டைத் தவிர. அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. லினியா நிலவறைக்குப் போய் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். அடியில் ட்யாடன் என்று எழுதியிருந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் லோவல் ட்யாடன் ஏப்ரலில் அதில்தான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் கொண்டுவந்தான்.

ஓடிஸுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கடலை ஆகாத பிள்ளைகளுக்கென்று ஒரு கூடை ஆரஞ்சு. ஒவ்வொன்றிலும் கறுப்புப் பேனாவால் பூசணிப் பேயின் மூஞ்சி வரைய வேண்டும். அவன் மூன்றாவதிலேயே பேயை விட்டுவிட்டு டைனோசருக்கு மாறினான். எல்லா டைனோசருக்கும் மீசை இருந்தது.

லினியா பொரியை அளந்து பெரிய கிண்ணத்தில் கொட்டினாள். மேலே பதிக்கச் சர்க்கரையில் செய்த பொம்மைக் கண்கள் ஒரு பாக்கெட் இருந்தது, போன வருஷத்து மிச்சம். ஒரு துண்டுக்கு இரண்டு கண், ஓடிஸ் கேட்டால் மூன்று என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு சாக்லெட்டை உருக்க மைக்ரோவேவ் பக்கம் போனாள். அடுப்பு கார்பின் கையில்.

"ஓரத்துல குமிழி வந்ததும் இறக்கிடணும்ப்பா" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

"தெரியும்."

தெரியும்தான். அயோவாவில் பிறந்த எவனுக்கும் தெரியும். ஓரத்தில் குமிழ் வந்து சர்க்கரை கரைந்ததும் பாகை இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் போச்சு. ஆறியபின் கல்.

மரக்கரண்டியால் கிளறினான். பாகு தெளிந்து கண்ணாடி மாதிரி ஆனது. ஓரத்தில் ஒரு குமிழ் வந்தது. பிறகு சில. இறக்க வேண்டிய நேரம். வாசலில் வந்து நிற்கப்போகும் முகங்கள் அவனுக்குத் தெரிந்தன. சாய்ந்த தலைகள். கரண்டி நின்றது. குமிழ்கள் நடுவுக்கு வந்தன. பாகு பொங்கி ஏறியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்பா. கொதிக்குது."

"ஆமா" என்றான். அதற்குப் பிறகுதான் இறக்கினான்.

லினியா வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். கடலை வெண்ணெயைப் போட்டார்கள். பொரியைக் கொட்டினார்கள். கிளறும்போதே அது கரண்டியை விட மறுத்தது. தட்டில் அழுத்தி, சாக்லெட்டை ஊற்றி, கண்களைப் பதித்தார்கள். அவள் ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. கண்களை வரிசையாக, ஒரே இடைவெளியில் வைத்தாள். தட்டு முழுக்க ஜோடி ஜோடியாகக் கண்கள் கூரையைப் பார்த்தன.

ஜோலீன் சொன்ன நேரத்துக்கு வந்தாள். மேரனைவிட உயரம், குரலும் பெரிது. கோட்டைக் கழற்றாமலே நேரே சமையல் மேடைக்குப் போய் ஸ்காச்சரூவை விரல் மடக்கித் தட்டினாள். கதவைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"கொதிச்சுடுச்சா?"

"ஆமா" என்றாள் லினியா. "அப்பா பாத்துக்கிட்டுதான் இருந்தாரு."

ஜோலீன் கார்பினைப் பார்த்தாள். அவன் துண்டில் கையைத் துடைத்தான். கை ஏற்கனவே காய்ந்திருந்தது.

லினியா ஷூ மாட்டிக்கொள்ளப் போனாள். பேச்சு பேச்சுதான். நீதிபதிக்கென்று தைத்து வைத்திருந்த கறுப்பு அங்கியை, அது மேரனின் பழைய பாவாடை, மடித்துப் பைக்குள் வைத்தாள். ஓடிஸின் ஜாக்கெட்டுக்கு ஜிப் போட்டுவிட்டாள். அவன் ஒரு ஆரஞ்சையாவது எடுத்துப்போகலாமா என்று கேட்டான். வேண்டாம், இது இந்த வீட்டுக்கு என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. கார்பினுக்கு அந்த முகம் தெரியும். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பது.

அவன் கராஜுக்குப் போனான். சுத்தியலோடு திரும்பி வந்தான்.

"என்ன பண்ணப்போறே?" என்றாள் ஜோலீன்.

தட்டைத் தூக்கிப் பின்வாசலுக்குப் போனான். சிமென்ட் படியில் ஒரு சுத்தமான துணியை விரித்துக் கவிழ்த்தான். விழவில்லை. தட்டின் முதுகில் ஒரு அடி போட்டான். கட்டி முழுசாக, ஒரு பலகையாக விழுந்தது. துணியை மேலே மடித்து மறுபடி அடித்தான். ஓடிஸ் ஓடிவந்து தனக்கும் ஒரு அடி வேண்டுமென்றான். கொடுத்தான். உடைந்ததெல்லாம் கோணல்மாணல். சில துண்டில் ஒற்றைக் கண், சிலதில் நான்கு, சிலது ஒன்றுமில்லாத குருடு.

"இது டைனோசர் பல்லு" என்றான் ஓடிஸ்.

லினியா கதவருகே ஷூவோடு நின்றாள். "நல்லா வந்தாத்தானே விளக்கு?" என்றாள்.

"நான் வேணும்னேதான் இறக்கல" என்றான் கார்பின். "அது உன் கணக்குல வராது."

அவள் யோசித்தாள். யோசிக்கும்போது மேரன் மாதிரியே கீழுதட்டைக் கடித்தாள். பிறகு பையிலிருந்து அங்கியை எடுத்தாள்.

ஜோலீன் ஒரு துண்டை வாயில் போட்டு, கடிக்கப் பார்த்து, கன்னத்தில் ஒதுக்கினாள். அவள் பேச்சு குழறியது. என் பல்லுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பதாகப் புரிந்தது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வாளியைத் தேடிப் போனாள்.

ஆறு மணிக்கு லினியா விளக்கைப் போட்டாள்.

முதலில் வந்தது லோவல் ட்யாடனும் அவன் மகனும். பையன் அறுவடை எந்திரமாக வந்திருந்தான். அட்டைப் பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட், முன்னால் தகரக் கத்திகளுக்குப் பதில் ஐஸ்கிரீம் குச்சிகள். படி ஏற முடியாமல் பக்கவாட்டில் திரும்பி ஏறினான். நீதிபதி ஜோக் கேட்டாள்.

"பேய் ஏன் கதவைத் தட்டாது?"

"ஏன்?"

"தட்டினா கை உள்ள போயிடும்."

லினியா வாளியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல ஜோக், ஒன்று என்று தீர்ப்பு சொன்னாள். மட்டமென்றே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று எந்திரம் கேட்டது. முடியாது என்றாள்.

லோவல் நடைபாதையிலிருந்து மேலே வந்தான். கார்பின் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். லோவலின் தலை சாயத் தொடங்கியது. அந்த நேரத்தில் அவன் கை வழக்கம்போலத் தட்டுக்கு நீண்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டது. டக்கென்று ஒரு சத்தம். தலை நேரானது.

"கொதிச்சுடுச்சா?" என்றான் லோவல்.

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

லோவல் கன்னத்தில் ஒதுக்கிச் சப்பினான். இதற்கெல்லாம் அடுப்பைச் சின்னதாக வைக்க வேண்டும், தன் மனைவி பெரிதாக வைத்து இரண்டு கரண்டியை உடைத்திருக்கிறாள் என்று வெகுநேரம் விளக்கினான். பிறகு கையிலிருந்த டார்ச்சால் தட்டைத் தொட்டுக் காட்டினான்.

"அது என் தட்டு."

"ஆமா."

"முதுகுல என்ன பள்ளம்?"

"சுத்தியல்."

லோவல் தலையாட்டினான். காலையில் எடுத்துக்கொள்கிறேன், இன்னும் கல் உடைக்க வேண்டியிருக்குமே என்று சொல்லிவிட்டு, எந்திரத்தை இறக்கிவிடப் போனான்.

அதன்பின் தெரு முழுக்க வந்தது. தலையைச் சாய்த்தவர்களும் வாய்க்குள் போட்டதும் நேராகிவிட்டார்கள். கொதிச்சுடுச்சா என்று கேட்டார்கள். ஆமா என்றான். எவ்வளவு நேரம், எந்த அடுப்பு, பாகா சர்க்கரையா எது அதிகம் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஓரிருவர் போகும்போது அவன் தோளைத் தொட்டார்கள். ஒரு கிழவர் துண்டைக் கைக்குட்டையில் கட்டி, நாளை ஊறவைத்துச் சாப்பிடுவதாகச் சொன்னார். ஓடிஸ் கோழி ஏன் ரோட்டைத் தாண்டியது என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டு, அது டைனோசர் என்பதால் என்று தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மீசை வைத்த ஆரஞ்சுகள் தீர்ந்தன.

எட்டு மணிக்குச் சற்று முன் தெரு காலியானது. ஜோலீன் உள்ளே பாத்திரத்தில் ஒட்டிய பாகோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். தட்டில் மூன்று துண்டு மிச்சம். கார்பின் ஒன்றை எடுக்கக் கை நீட்டினான். நீதிபதி தட்டை இழுத்துக்கொண்டாள்.

"ஜோக்."

அவன் தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டு விளக்கு அணைந்தது.

"அப்பா ஏன் பாகை இறக்கல?" என்றான்.

"ஏன்?"



"தெரியல" என்றான்.

லினியா அவனை நன்றாகப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்தாள்.

"ரொம்ப மட்டம்" என்று சொல்லி இரண்டு துண்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

ஒன்றில் ஒற்றைக் கண் இருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு, கையை நீட்டி விளக்கை அணைத்தான். துண்டு கரைய நேரமானது. கரையும்வரை அவனும் பிள்ளைகளும் மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.