நாலில் ஒன்று

மனைவி நான்கு பொத்தான்களை மேசை நடுவே தள்ளியதும் கறைக்காரர் வழக்கம்போலத் தன் சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டார். கையில் ராணியும் ஒன்பதும் இருந்தன. பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சலவைக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே உலர்த்தும் இயந்திரத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் உருண்டுகொண்டிருந்தன. அது நிற்கும்வரை ஆட்டம். நிற்கும்போது யாரிடம் பொத்தான் அதிகமோ, அவர் நாளைக் காலை ரயிலில் மகள் வீட்டுக்குப் போவார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாளாகிறது. ஹோட்டல் வேலை தலைக்குமேல் கிடந்ததால் கடையை மூட வழியில்லை. ஒருவர் இப்போது, மற்றவர் அடுத்த வாரம். யார் முதலில் என்ற பேச்சு எழுந்த முதல் நாள் இருவரும் “நீ போ”, “இல்ல, நீங்க போங்க” என்று பெருந்தன்மை காட்டினார்கள். இரண்டாம் நாள் அந்தப் பெருந்தன்மை தீர்ந்துபோனது. மூன்றாம் நாளான இன்று மச்சான்தான் சீட்டுக்கட்டை எடுத்து வைத்தான். அவன் கடையின் டெலிவரி வேனை ஓட்டுகிறவன், மனைவியின் தம்பி, ஆனால் சீட்டு விஷயத்தில் யார் பக்கமும் சாயாதவன்.

பொத்தான்கள் இத்தனை வருடங்களில் வாடிக்கையாளர் சட்டைகளிலிருந்து உதிர்ந்து வடிகட்டியில் சிக்கியவை. ஆளுக்கு நாற்பது. ஆட்டம் லிமிட் போக்கர், அதாவது நினைத்த அளவுக்கு அள்ளி வைக்க முடியாது, ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை என்று கணக்கு உண்டு. சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் ஒரு பொத்தானும் மற்றவர் இரண்டும் வைத்துவிட வேண்டும். அந்த இரண்டுக்குப் பெரிய பிளைண்டு என்று பெயர். அது மாறி மாறி வரும். கறைக்காரர் அதை வைக்கும்போதெல்லாம் மனைவி நான்காக ஏற்றுவாள். அவர் இன்னும் இரண்டு போட்டால் ஆட்டத்தில் இருக்கலாம். போடமாட்டார், வைத்த இரண்டும் அவளுக்குப் போய்விடும். அவளோ தன் முறையில் எதையும் விடமாட்டாள். இப்படிச் சொட்டுச் சொட்டாகவே அவர் குவியல் இருபத்திரண்டுக்கு வந்துவிட்டது.

“அத்தான், அக்கா கையில என்ன இருக்குன்னு ஒரு தடவையாச்சும் பார்த்தீங்களா?”

“நல்ல சீட்டு இல்லாமலா ஏத்துறா?”

“எல்லா ஆட்டத்துலயும் ஏத்துறா. எல்லா ஆட்டத்துலயுமா நல்ல சீட்டு வரும்? நடுவுல ஆறு பொத்தான் கிடக்கு, நீங்க போட வேண்டியது ரெண்டு. நாலு தடவைல ஒரு தடவை ஜெயிச்சாப் போதும், கைய விட்டுப் போகாது.”

“நீ வேனைக் கழுவப் போடா” என்றாள் அக்கா. அவள் முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை.

நாலில் ஒன்று. கறைக்காரருக்கு அந்தக் கணக்கு எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மை, துரு, எண்ணெய் என்று மற்ற கடைகள் கைவிட்ட சட்டைகளையெல்லாம் அவர் வாங்கி வைப்பார். “பார்க்கலாம், விட்டு வைங்க” என்பார். நாலு சட்டையில் ஒன்று சுத்தமாகிவிட்டால் அன்று முழுக்கச் சீழ்க்கை அடிப்பார். மற்ற மூன்றை மன்னிப்போடு திருப்பிக் கொடுப்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. அப்படிப்பட்டவர் இந்த மேசையில் மட்டும் ஏன் தோற்கப் பயப்படுகிறார்? யோசித்துப் பார்த்தால் சீட்டில் மட்டுமல்ல. எந்தப் பக்கம் படுப்பது, சுவருக்கு என்ன நிறம், மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எல்லாவற்றிலும் அவள் குரல் கொஞ்சம் ஏறியதுமே அவர் கவிழ்த்துவிடுவார். அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. சுவரின் நிறம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் குழந்தையை முதலில் தூக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது, வெட்கமாகிற அளவுக்கு ஆசையாக இருந்தது.

அடுத்த முறை அவள் ஏற்றியபோது அவர் இரண்டு பொத்தான் போட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தோற்றார். அதற்கடுத்த முறை ஏழும் இரண்டும் வந்தன. அதைக் கவிழ்த்தார், எந்தக் கறை போகவே போகாது என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு பத்தும் ஆறும் வந்தபோது போட்டார், ஜெயித்தார். அவள் வைத்திருந்தது வெறும் நாலும் மூன்றும். “அடிப்பாவி” என்றார், மனதார. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இயந்திரம் நிற்கும் நேரம் நெருங்கியபோது அவரிடம் முப்பத்திரண்டு, அவளிடம் நாற்பத்தெட்டு. பெரிய பிளைண்டு அவருடையது. அவள் ஏற்றினாள். எட்டும் ஐந்தும் வைத்திருந்த அவர் இரண்டு போட்டார். நடுவில் இருவருக்கும் பொதுவான மூன்று சீட்டுகள் விழுந்தன: ராஜா, எட்டு, மூன்று. எட்டு ஜோடியாயிற்று. அவள் இரண்டு வைத்தாள், அவரும் வைத்தார். நான்காவது சீட்டு ஐந்து. இரண்டு ஜோடி! அந்த நேரத்தில் இயந்திரத்தின் மணி அடித்தது.

“இந்த ஆட்டம் முடியட்டும்” என்றான் மச்சான்.

அவள் நான்கு வைத்தாள். அவர் எட்டாக ஏற்றினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு மேல் ஏற்றியது இதுதான் முதல் தடவை. அவள் அவரையே பார்த்தபடி நான்கைச் சேர்த்தாள். கடைசிச் சீட்டு இரண்டு, யாருக்கும் உதவவில்லை. அவர் நான்கு வைத்தார், அவளும் வைத்துவிட்டுத் தன் கையிலிருந்த ராஜாவைக் காட்டினாள், ராஜா ஜோடி. இந்த முறை பொய்யில்லை. அவர் எட்டையும் ஐந்தையும் விரித்தார். ராஜாவே ஆனாலும் ஒரு ஜோடியை இரண்டு ஜோடி அடிக்கும்.

“ஐம்பது, முப்பது” என்றான் மச்சான். “அத்தானுக்கு டிக்கெட் போடுறேன்.”

இருவரும் மாடியறைக்குப் போனபோதுதான் கட்டிலின் மேல் பை தெரிந்தது. காலையிலேயே கட்டி வைத்திருக்கிறாள். உள்ளே அவளுடைய உடைகள், சீப்பு, மாத்திரை டப்பா. அவர் கவிழ்த்துவிடுவார் என்பதில் அவ்வளவு நம்பிக்கை. அவள் தன் உடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவருக்கு ‘நீயே போயிட்டு வா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, “எனக்கு நாலு சட்டை போதும்” என்றார்.

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “ஆளைப் பாரு. இத்தனை நாளா எங்க வச்சிருந்தீங்க இந்தத் தைரியத்த?”

நாலு சட்டையையும் அடுக்கிவிட்டு, தன் நீலச் சால்வையை அவர் கையில் திணித்தாள். “குழந்தைய இதுல சுத்தித் தூக்குங்க. முதல்ல தூக்குனது பாட்டிதான்னு நினைச்சுக்கும்.”

“இது அநியாயம்.”

“முடியாதுன்னா சொல்லுங்க.”

அவள் விரிப்புகளை எடுக்கக் கீழே போய்விட்டாள். அவர் சால்வையைச் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். எடுத்தார். மேலே வைத்தார். மறுபடி எடுத்தார். கீழேயிருந்து அவள் குரல் வந்தது: “என்னங்க, ஒரு முனையப் பிடிங்க வந்து, சூடு ஆறுறதுக்குள்ள!”

அவர் சால்வையைத் தோளில் போட்டு, நழுவிவிடாமல் ஒரு கையால் மெல்ல அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.