எண்பத்து மூன்றாவது கேள்வி

எனக்குத் தொண்ணூற்றாறு மார்க். கடைசியாக உள்ளே போன ஆளுக்குத் தொண்ணூற்றேழு. கிழக்குத் தாம்பரத்து பிரவுசிங் சென்டரில், காற்றே வராத தடுப்புக்குள் உட்கார்ந்து பட்டியலை மூன்று முறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். பெயர்கள் இல்லை, பதிவு எண்கள்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் எண் என்னுடையது. பள்ளிக்கூடத்தில்கூட நான் எதிலும் முதலில் வந்ததில்லை. வந்து தொலைத்தது இதிலா?

அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர் தேர்வு அது. 2006-ஆம் வருடம். விடைக்குறிப்பைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தவன் எண்பத்து மூன்றாவது கேள்வியில் நின்றுவிட்டேன். முதல் உலகப் போரை முடித்துவைத்த போர்நிறுத்த உடன்பாட்டில், கோம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டிக்குள் ஜெர்மனி சார்பில் கையெழுத்திட்ட குழுவுக்குத் தலைவர் யார்? நான் எர்ஸ்பெர்கர் என்று போட்டிருந்தேன். தேர்வு வாரியத்தின் விடை ஹிண்டன்பர்க்.

வாரியம் சொல்வது தப்பு, நான் போட்டதுதான் சரி. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஏனென்றால் அந்தத் தப்பைப் பெற்றெடுத்தவனே நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எம்.ஃபில். முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். காட்டாங்குளத்தூரில் குடியிருக்கும் பேராசிரியர் சாம்பசிவன் கூப்பிட்டு, நவீன ஐரோப்பாவுக்கு ஒரு கைடு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அட்டையில் அவர் பெயர், உள்ளே இருப்பதெல்லாம் என் எழுத்து. எங்கள் தொழிலில் இது ஊரறிந்த வழக்கம், யாரும் வாயைத் திறப்பதில்லை. நானூறு பக்கத்தை நாற்பது நாளில் எழுதித் தள்ளினேன். போரை நிறுத்துவதென்றால் தளபதிதானே கையெழுத்துப் போட்டிருப்பான் என்ற நினைப்பில், எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் ஹிண்டன்பர்க் என்று எழுதிவிட்டேன்.

பிறகு ஒழுங்காகப் படித்தபோது வெட்கமாகிப் போனது. போரை நடத்திய தளபதி ஹிண்டன்பர்க் அந்த ரயில் பெட்டிப் பக்கமே வரவில்லை. எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதியை அனுப்பிவிட்டார்கள். பட்டாளத்துக்காரர்கூட இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் மகனைப் பறிகொடுத்திருந்தார். அவர் போய்த் தோல்விக்குக் கையெழுத்துப் போட்டார். மறுவருடமே ஹிண்டன்பர்க் விசாரணைக் குழுவின் முன்னால் வந்து, படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்று கூசாமல் சொன்னார். 1921-ல் எர்ஸ்பெர்கரை நடைப்பயிற்சி போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஹிண்டன்பர்க்கோ ஜனாதிபதியாகி, ஹிட்லரைக் கூப்பிட்டுப் பதவியில் உட்கார வைத்துவிட்டு, படுக்கையில் நிம்மதியாகச் செத்தார். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

கொதித்து என்ன செய்ய? பதிப்பகத்தில் சொன்னேன். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றார்கள். ஏழு பதிப்பு வந்துவிட்டது. கேள்வி எடுப்பவர்களே அந்தக் கைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, மேற்குத் தாம்பரத்தில் நான் நடத்தும் மாடி டியூஷனில் நானே சொல்ல ஆரம்பித்தேன்: "கைடுல இருக்கறத அப்படியே போடுங்க. யோசிச்சா மார்க் போயிடும்." ஊருக்குத்தான் உபதேசம். பரீட்சை ஹாலில் என் முறை வந்தபோது பேனா ஹிண்டன்பர்க் பக்கம் போக மறுத்துவிட்டது. அந்த ஒரு நிமிட ரோஷத்துக்குத்தான் இப்போது தண்டம் அழுகிறேன்.

என் மனைவி ஃபராவுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. இந்த முறை வேலை கிடைக்காவிட்டால், சவூதியில், தம்மாமில் அவள் அண்ணன் அஃப்தாப் வைத்திருக்கும் துணிக்கடைக்கு நான் போய்விட வேண்டும். விசா வந்து பீரோவில் கிடக்கிறது. அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு டிக்கெட். போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது. மகள் இரமுக்கு இப்போதுதான் மூன்று வயது. நான் வந்து நிற்கும்போது இது யாரென்று அம்மாவிடம் கேட்பாள். பிஸ்மார்க்கையும் வைமர் குடியரசையும் தலைமுழுகிவிட்டு நான் மீட்டர் போட்டுத் துணி கிழிக்க வேண்டியதுதான்.

ஃபராவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மூணு நாளைக்குள்ள அப்ஜெக்‌ஷன் கொடுக்கலாம்னு போட்டிருக்குல்ல? கொடுங்க. உங்க பக்கம்தானே நியாயம்" என்றாள்.

"கடைசி ஆளத் தவிர எனக்கு மேல இருக்கறவங்களுக்கெல்லாம் மூணு நாலு மார்க் ஜாஸ்தி. இது மாறினா, கடைசியா உள்ள போன அந்த ஒரு ஆள் வெளிய வரணும் ஃபரா."

"யாரு அது?"

"தெரியாது. நம்பர்தான் போட்டிருக்கான்."

"தெரியாதவங்களுக்காக நாம ஏன் அழணும்? இவ அழுவாளே, அதப் பாருங்க" என்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

நூலகப் புத்தகங்களிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து, மனு எழுதி, மறுநாளே வாரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் டியூஷனுக்குப் போனால், வாசலில் ஸ்வீட் பாக்ஸோடு தீபா நிற்கிறாள்.

தீபா திருநீர்மலைப் பெண். கணவன் விட்டுவிட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பகலெல்லாம் நின்றுகொண்டே சட்டைகளைச் செக் செய்துவிட்டு, கால் வீங்கிப்போய் என் வகுப்புக்கு வருவாள். தபாலில் எம்.ஏ. முடித்தவள். வகுப்பில் கேள்வி கேட்பவள் அவள் ஒருத்திதான்.

"கிடைச்சிடுச்சு சார்! லிஸ்ட்ல கடைசி நம்பர் என்னோடதுதான். தொண்ணூத்தேழு. ஃபுட்போர்டு அடிச்சு உள்ள போயிட்டேன்."

நல்லது என்றோ சந்தோஷம் என்றோ ஏதோ சொன்னேன்.

"எண்பத்து மூணாவது கேள்வி ஞாபகம் இருக்கா சார்? எர்ஸ்பெர்கர்னு எனக்குத் தெரியும். லைப்ரரில படிச்சிருக்கேன். அங்கதான் கை போச்சு. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்து, ஹிண்டன்பர்க்னு போட்டேன். அந்த ஒரு மார்க்குலதான் சார் பொழச்சேன். உங்களாலதான்."

மைசூர்பாகைக் கையில் திணித்தாள். மென்றேன்.

"கம்பெனில நேத்தே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன் சார். இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். தீபா, இன்று காலையில்தான் உன் தலையில் கல்லைப் போட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பொறுத்து எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டேன். எதுக்கு சார் பொறுக்கணும் என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுவை வாபஸ் வாங்குவதாக ஒரு கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதி, இரமின் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் கிழித்தேன். நிபுணர் எவனாவது என் மனுவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டால் நல்லது என்றுகூட வேண்டிக்கொண்டேன். போடக் கூடாது என்றும் அதே மூச்சில் வேண்டிக்கொண்டேன். அல்லாவே குழம்பியிருப்பார்.

நான்காம் நாள் சாம்பசிவன் போன் செய்தார்.

"வாரியத்துலேர்ந்து ஒரு ஃபைல் வந்திருக்குப்பா. நிபுணர் கருத்து கேக்கறான். நீ வந்து எழுதிடு, நான் கையெழுத்து போட்டுடறேன்."

காட்டாங்குளத்தூருக்கு ரயிலேறிப் போனேன். வராந்தாவில் உட்கார வைத்து ஃபைலைக் கொடுத்தார். பிரித்தால் என் மனு, என் ஜெராக்ஸ், என் கையெழுத்து. எதிர்ப்பக்கம், வாரியத்தின் விடைக்கு ஆதாரமென்று சாம்பசிவன் கைடின் பக்கம். அதுவும் நான் எழுதியதுதான்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஜமீர்னு போட்டிருக்கே, நீயா?"

"நான்தான் சார்."

பல்செட் ஆட ஆடச் சிரித்தார். "கேள்வியும் நீயே, பதிலும் நீயேவா? நல்ல வேளை, வேற ஆள்கிட்ட போகல. உனக்கு வேணுங்கறத எழுதிக்கோ. என் புஸ்தகத்துக்கு மட்டும் கெட்ட பேர் வராம பாத்துக்கோ." சொல்லிவிட்டு கிரிக்கெட் பார்க்க உள்ளே போய்விட்டார்.

பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'வழக்கிலுள்ள பாட நூலின்படி வாரியத்தின் விடை ஏற்கத்தக்கது' என்று ஒரு வரி எழுதினால் போதும். தீபா பள்ளிக்கூடத்துக்குப் போவாள், நான் தம்மாமுக்குப் போவேன். வேறு ஒரு வரி எழுதினால் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். அவள் எங்கே போவாள்? விட்டுவிட்டு வந்த கம்பெனி வாசலுக்குத்தான். திரும்ப எடுத்துக்கொள்வானோ மாட்டானோ.

உண்மையைத்தானே எழுதப் போகிறேன், அதில் என்ன பாவம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. உண்மை மேல் எனக்கு அத்தனை பக்தி இருந்திருந்தால் ஆறு வருடம் என்ன பிடுங்கிக்கொண்டிருந்தேன்? அந்தப் பெண்ணுக்குச் சரியான விடை தெரிந்திருந்தது. நான்தான் அதை அவள் கையிலிருந்து தட்டிவிட்டேன். இப்போது அதே விடையைக் காட்டி அவள் இடத்தைப் பிடுங்கப் பார்க்கிறேன். இதை யாராவது எனக்குச் செய்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் எழுதினேன். இரம் என் சட்டைப் பையில் கை விட்டுத் துழாவுவது நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டேன். 'எர்ஸ்பெர்கர் என்பதே சரியான விடை. நூலில் காணப்படுவது அச்சுப்பிழை.' பழி அச்சுக் கோத்தவன் தலையில் விழுந்தது. சாம்பசிவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். தபாலில் போனால் தாமதமாகும், நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்றார்.

மறுநாள் காலை தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயிலைப் பிடித்து வாரிய அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் பெரிய கூட்டம். தேர்வானவர்களுக்கு அன்றைக்குத்தான் சான்றிதழ் சரிபார்ப்பு என்று எனக்குத் தெரியாது. வரிசையின் கடைசியில் தீபா, டோக்கனும் கையுமாக. பக்கத்தில் அவள் அம்மா பொன்னியம்மாள்.

"சார்! எனக்காக லீவு போட்டுட்டா வந்தீங்க?" என்று ஓடி வந்தாள் தீபா.

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்லுவது?

பொன்னியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா சார் அது? வூட்ல எந்நேரமும் உங்க பேச்சுதான். இதும் அப்பன் நெலத்தையெல்லாம் வித்துத் துன்னுட்டுப் பூட்டான், கட்னவனும் வுட்டுட்டுப் பூட்டான். நீங்கதான் ஒரு வழி காட்டிக்கிறீங்க. புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும் சார் நீங்க."

கவர் என் அக்குளில் இருந்தது. அப்படியே திரும்பி ரயிலேறியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய், கவுண்டரில் கொடுத்தேன்.

கண்காணிப்பாளர் பிரித்துப் படித்தார். உள்பக்கம் திரும்பி, "எண்பத்து மூணு மாறுதுப்பா. கட் ஆஃப்ல இருக்கற கடைசி டோக்கன இன்னிக்கு நிறுத்தி வை" என்று குரல் கொடுத்தார்.

நான் வெளியே வருவதற்குள் பியூன் போய் டோக்கனை வாங்கிவிட்டான். தீபா வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னோடத மட்டும் நிறுத்திட்டாங்க சார். ஏன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க கொஞ்சம் கேளுங்க சார், நீங்க கேட்டா சொல்லுவாங்க."

மறுபடி உள்ளே போனேன். கவுண்டருக்கு முன்னால் சும்மா நின்றேன். தலையைத் தூக்கிய குமாஸ்தாவிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"எண்பத்து மூணாவது கேள்விக்கு எவனோ அப்ஜெக்‌ஷன் கொடுத்திருக்கானாம். விடைய மாத்தறாங்களாம். உனக்கு ஒரு மார்க் குறையும் தீபா."

அவள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போய்விட்டது. பொன்னியம்மாள்தான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எவன் அவன்? ஏன்டீ, அவனுக்கு நாம இன்னா கெடுதல் பண்ணோம்?"

"அவரு சொன்னது சரிதாம்மா" என்றாள் தீபா. "எர்ஸ்பெர்கர்தான் கரெக்டு. நான்தான் தெரிஞ்சே தப்பா போட்டேன்."

யார் போடச் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அந்தம்மாள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க சார். எம் பொண்ணு வாயில மண்ண அள்ளிப் போட்டானே, அவன் நல்லா இருப்பானா?"

"இருக்க மாட்டான்மா" என்றேன்.