பதினெட்டு நிமிடக் கண்டி

தவமணி பதின்மூன்று தரம் கண்டிக்குப் போயிருக்கிறாள். ஒரு தரமாவது கண்டியைப் பார்த்ததில்லை.

அது எப்படி என்று கேட்பீர்கள். அவளுடைய கணவர் பாலேந்திரன் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ரெயிலில் சும்மா போய்வர ஒரு கடுதாசி கொடுப்பார்கள். வாரண்ட் என்று பேர். அந்தக் கடுதாசியில் கோட்டையிலிருந்து பதுளை வரை என்று எழுதியிருந்தால், நடுவிலே ஓர் ஊரிலும் கால் வைக்கக் கூடாது என்பது பாலேந்திரனின் தீர்ப்பு. அப்படி ஒரு சட்டமும் கிடையாது. எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். "எழுத்திலை காட்டுங்கோ" என்பார். எழுத்தில் யார் காட்டுவது?

ஆகையால் தவமணிக்குத் தெரிந்த ஊர்கள் எல்லாம் பிளாட்போம்கள்தான். பொல்காவலை என்றால் ஒரு தண்ணீர்க் குழாய். ஹற்றன் என்றால் பனியில் நனைந்து உட்கார முடியாத ஒரு வாங்கு. கண்டி என்றால் ஒரு மணிக்கூடு. "கண்டி எப்படி?" என்று வெள்ளவத்தையில் அயலட்டைச் சனம் கேட்டால், "எட்டு நாற்பது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பதினான்காம் தரம் ரெயில் கண்டிக்குள் நுழைந்தபோது பாலேந்திரன் வாயைத் திறந்தபடி நித்திரை. விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பிய களைப்பு. வாரண்ட் இருந்த சேட்டுப் பையின்மேல் கை மட்டும் விழித்திருந்தது.

"இதுதான் கடைசித்தரம்," என்றாள் தவமணி, எதிர்ச் சீற்றில் இருந்த ராக்கம்மாவிடம். ராக்கம்மா தெல்தோட்டைக்காரி, கம்பளையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறவள். மருதானைக்கு வருமுன்னரே இரண்டு பேரும் சிநேகிதம். "மகளுக்கு அடுத்த மாதம் பதுளையிலை இருந்து வவுனியாவுக்கு மாற்றம். இனி இந்தப் பாதையிலை எங்களுக்கு என்ன வேலை? அந்த வாவியை எண்டாலும் ஒருக்காப் பாத்திருக்கலாம்."

"பாத்துட்டு வாங்களேம்மா. ஐயாதான் நல்லாத் தூங்குறாரே."

"எழும்பினால்?"

"பாத்ரூம் போயிருக்காங்கன்னு சொல்றேன். நீங்க போங்க, ஐயாவ நான் பாத்துக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கூவிக்கொண்டு போனது. "பதினெட்டு நிமிசத்துல கண்டி! எஞ்சின் மாத்துற நேரத்துல கண்டி!"

கண்டிக்குள் வருகிற பதுளை ரெயில் வந்த வழியே பேராதனைக்குத் திரும்பிப்போய்த்தான் மலையேற வேண்டும். முன்னால் இருக்கிற எஞ்சினைக் கழற்றி வாலில் பூட்டுவார்கள். அதற்குப் பிடிக்கிற பதினெட்டு நிமிடத்தை மடவளை பாரூக் தன்னுடைய ஓட்டோவில் ஏற்றி விற்றுக்கொண்டிருந்தான். பதினொரு வருஷத்தில் ஒருவரும் ரெயிலை விட்டதில்லை என்பது அவனுடைய பெருமை.

தவமணி ஓட்டோவில் ஏறினாள். கைத்தொலைபேசியை எடுக்க மறந்துபோனது கூடத் தெரியவில்லை.

பாரூக் கண்ணாடியில் தொங்கிய சமையல்கட்டு மணிக்கூட்டைப் பதினெட்டு நிமிடத்துக்கு முறுக்கிவிட்டான். தக்காளிப்பழம் மாதிரி ஒன்று. "அன்ட்டி, ரெண்டு ரூல்ஸ் ஈக்கி. நான் ஒண்டக் காட்டினா நீங்க 'பாத்தாச்சு' எண்டு சத்தமாச் செல்லணும். அப்பதான் அடுத்தது. ரெண்டாவது, ஒம்பது நிமிசம் ஆகினா எங்க நிண்டாலும் நான் திருப்பிருவன்."

"ஒன்பதாம் நிமிசம் எங்கை நிற்பம்?"

"அத றோட்டுத்தான் செல்லும். அந்தா, மலையில பெரிய புத்தர்."

"பாத்தாச்சு."

"பஸ் ஸ்டாண்ட்."

"உதையும் பாக்கோணுமோ?"

"கண்டியிலதானே ஈக்கி?"

"பாத்தாச்சு."

அதோடு றோட்டு முடிந்தது. முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் வான். கடலைக்காரன் ஒருவன் அவர்களைக் கடந்து முன்னால் போய், பத்துச் சுருள் விற்று, திரும்பியும் வந்துவிட்டான். ஓட்டோ அதே இடத்தில் நின்று உறுமியது. பாரூக் மனம் தளரவில்லை. கண்ணாடியைச் சரித்துப் பிடித்தான்.

"இதுக்குள்ள பாருங்க. மார்க்கட் கூர தெரியிதா?"

"ஒரு தகரம் தெரியுது."

"அதுதான். மணிக்கூட்டுக் கோபுரம் இந்த பஸ்ஸுக்குப் பொறத்தால ஈக்கி."

"பஸ்தானே தெரியுது!"

"பொறத்தால ஈக்கிறது சத்தியம், அன்ட்டி. பாத்தாச்சு எண்டு செல்லுங்க, நேரம் போகுது."

அவள் வெட்கத்தோடு சொன்னாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஊர்ந்து ஊர்ந்து ஒரு நீண்ட மதில் ஓரம் வந்தபோது பாரூக் ஹேண்டிலைத் திருப்பினான். ஒன்பது நிமிடம்.

"இதென்ன மதில்?"

"பழைய ஜெயில்."

"அப்ப இதுதானோ கண்டி?"

"ஒம்பதாம் நிமிசத்துல எங்க நிக்கிறமோ அதுதான் கண்டி, அன்ட்டி. போன கிழம வந்த வெள்ளக்காரங்களுக்கு அது ஒரு பேக்கரி. போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டு, சந்தோசமாப் போனாங்க."

"வாவி எவ்வளவு தூரம்?"

"நடந்தா ரெண்டு மூணு நிமிசம். ஆனா திரும்பி வர ஏலாது."

தவமணி மதிலைப் பார்த்தாள். உயரமான மதில். பிறகு சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டோவிலிருந்து இறங்கி நடந்தாள். பாரூக் "யா அல்லாஹ்" என்றான். வண்டியை நடுறோட்டிலே விட்டான். எப்படியும் அது நகரப் போவதில்லை. தக்காளிப்பழத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினான்.

வாவி அங்கேதான் இருந்தது. பச்சைத் தண்ணீர். வெள்ளை மதிலில் முக்கோணத் துளைகள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் உடும்பு, உத்தியோகத்துக்குப் போகிறதைப் போல நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. கரையில் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்தன. தவமணி மதிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"தண்ணி. மீன். அங்கால மாளிகை. பாத்தாச்சா, அன்ட்டி?"

அவளுடைய கண் உடும்பின்மேலேயே இருந்தது.

"அன்ட்டி, பதினாலு. செல்லிருங்க, ஓடிருவம்."

உடும்பு கரையேறி ஒரு வேரில் வயிற்றை வைத்துப் படுத்தது. தவமணி அது படுக்கும்வரை பார்த்தாள். படுத்த பிறகும் பார்த்தாள். தக்காளிப்பழம் பாரூக்கின் கைக்குள் கிணுகிணு என்று அடித்தது. தூரத்தில் ரெயில் கூவியது.

"பதினொரு வருசம்," என்றான் பாரூக். மதிலில் சாய்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"நான் இன்னும் பாத்து முடியேல்லை, தம்பி," என்றாள் தவமணி. "கொஞ்சம் பொறும்."

பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. வந்த பயம் முழுசாக வந்தது. பாரூக்கின் கைத்தொலைபேசியை வாங்கி, மனப்பாடமாக இருந்த ஒரேயொரு இலக்கத்தை அடித்தாள்.

ரெயிலில் பாலேந்திரன் அப்போதுதான் விழித்திருந்தார். முன்னுக்குப் பார்த்தபடி தூங்கியவர் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஏன் ரெயில் கொழும்புக்குத் திரும்புது?" என்று கேட்டார். பதின்மூன்று தரம் கண்ட விஷயம்தான், நித்திரைக் கலக்கம். "தவம் எங்கை?" ராக்கம்மா பாத்ரூமைக் காட்டினாள். அவர் போய்த் தட்டினார். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரிய ஆள் வெளியே வந்தார். பாலேந்திரன் அந்த ஆளின் முதுகுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

"இஞ்சேருங்கோ, நான் கண்டியிலை நிக்கிறன்."

"எந்தப் பிளாட்போமிலை?"

"வாவிக்கரையிலை."

பாலேந்திரன் சேட்டுப் பையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பேராதனையிலை ரெயில் நிக்கும். ஓடி வாரும்!"

அவர்கள் ஓடி வந்தார்கள்தான். ஓட்டோவின் பின்சீற்றில் யாரோ ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்து, "மடவளைக்குத்தானே?" என்று கேட்டது. அவர்களை இறக்கிவிட்டு, சந்து பொந்தெல்லாம் நுழைந்து பேராதனைச் சந்திக்கு வந்து சேர்ந்தபோது ரெயில் இல்லை. பிளாட்போமில் நான்கு பைகள். பைகளுக்கு நடுவே பாலேந்திரன். பக்கத்தில் ராக்கம்மா.

"நீங்கள் ஏன் இறங்கினீங்கள்?" என்றாள் தவமணி அவளிடம்.

"ஐயாவப் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல? ஐயா எறங்கிட்டாரு."

"நான் இறங்கேல்லை," என்றார் பாலேந்திரன். முகம் வெளிறிப்போயிருந்தது. "உம்மை விட்டிட்டுப் போகேலாமல் இதிலை நிண்டனான். ரெயில்தான் போனது. இது இறங்கின கணக்கில்லை."

தவமணிக்கு அவரைத் திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த பதுளை ரெயில் மத்தியானம் கழிந்துதான். ஸ்ரேஷன்காரர் அதே வாரண்டில் அதில் ஏறலாம் என்று சொல்லிவிட்டாராம். இருக்க இடம் கிடைக்காது, அவ்வளவுதான்.

"அப்ப நாலு மணித்தியாலம் கிடக்கு," என்றாள். "பூந்தோட்டம் பக்கத்திலைதான். வாங்கோ."

"வாரண்ட்டிலை பேராதனை இல்லை."

"அப்ப இருங்கோ. நான் போயிட்டு வாறன்."

"தனியவோ?"

"வாவியைத் தனியத்தானே பாத்தனான்."

பாலேந்திரன் வாங்கில் உட்கார்ந்து பூட்சைப் பார்த்தார். அந்த மனிதருக்குப் போக விருப்பமில்லாமல் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருஷம் கச்சேரிக் கோவைக் கட்டுகளுக்குள் இருந்தவர், எழுத்தில் இல்லாத ஒரு வாசலால் எப்படி வெளியே போவார்? தவமணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே வைத்தாள்.

"இஞ்சேரும்! உது பதுளைக்குப் போற சாமான்!"

"வாரண்ட்டிலை சாமானுக்கு ஏதும் எழுதியிருக்கோ?"

அவர் கடுதாசியை எடுத்து விரித்தார். முன்பக்கம் வாசித்தார், பின்பக்கம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். "இல்லை," என்றார்.

அவள் மூன்றாவது பையையும் கொண்டுபோய் வைத்தாள். நான்காவதை ராக்கம்மா கொண்டுபோனாள். பிறகு இரண்டு பெண்களும் பைகளைத் தொடாமல், தோட்டத்துப் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

பாலேந்திரன் எழும்பினார். "சாமானைத் தனிய விட்டிட்டுப் போறியளே! ஆராவது தூக்கிக்கொண்டு போனால்?" கேட்டடிக்கு வந்தார். பைகளைப் பார்த்தார். இடமும் வலமும் பார்த்தார். "சாமானை ஆராவது பாக்கத்தானே வேணும்," என்று பாரூக்கிடம் சொன்னார்.

"பாக்கத்தான் வேணும், சேர்," என்றான் பாரூக்.

பாலேந்திரன் கேட்டைத் தாண்டி வெளியே கால் வைத்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றது. ஒன்றும் நடக்கவில்லை. நாலு பைகளையும் எண்ணிவிட்டு மெல்ல நிமிர்ந்து, மரங்களை, றோட்டை, வெயிலை எல்லாம் பார்த்தார்.

"அப்ப இதுதானோ பேராதனை?"

ராக்கம்மா திரும்பி வந்து ஒரு பையை அவருடைய கையில் கொடுத்தாள்.

"இல்லீங்கய்யா, இது கேட்டு. பேராதெனிய இன்னும் அங்கிட்டு இருக்கு. நடங்க."