மதிலுக்கு வெளியே பிழைத்தது

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பாறசாலை ஸ்ரீகலாவுக்கு அது, ஆசையாய் வளர்த்த லாப்ரடார் குட்டி பிங்கு ரத்தமாய்க் கழிந்து சுருண்டு கிடந்தபோது தெரிந்தது. பார்வோ நோய். நெய்யாற்றின்கரையில் மிருக டாக்டர் ஸ்மிதா மருந்தெல்லாம் ஏற்றிப் பார்த்துவிட்டு, இனி ஒரு வழிதான் மிச்சம் என்றார். இதே நோய் வந்து பிழைத்த நாயின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா என்கிற மஞ்சள் நீரைப் பிரித்து ஏற்றலாம், நோயை எதிர்க்கும் சக்தி அதில் இருக்கும், ஆனால் உறுதி சொல்ல முடியாது. அப்படியொரு நாய் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாமல் என்ன! முந்தின வருஷ மழையில், ஸ்ரீகலா வீட்டு மதிலோரம் தெருநாய் ஈன்ற நாலு குட்டிகளும் இப்படித்தான் கழிந்து கிடந்தன. ஒரு வாய் தண்ணீர் வைத்தாளா மகராசி? இல்லை. வீட்டுக்குள் சீக்கும் தீனமும் வந்துவிடும் என்று பயந்து, தேங்காய் வெட்ட வந்த அனிலிடம் சொல்லி, உயிரோடு சாக்கில் கட்டி ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் போடவைத்தாள். மூன்று அங்கேயே செத்தன. கட்டு அவிழ்ந்ததோ என்னவோ, ஒன்று மட்டும் திரும்பி வந்து, நோயும் தேறி, வளர்ந்து, இன்றும் அதே மதிலோரம் கிடக்கிறது.

பிஸ்கட்டைக் காட்டி அவள் கூப்பிட்டபோது அந்தக் கூறுகெட்ட நாய் கடித்திருக்கக் கூடாதா, ஓடியிருக்கக் கூடாதா? வாலை ஆட்டிக்கொண்டு வந்து, ஆட்டோவில் ஏறி, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

பரிசோதனையில் ரத்தம் நன்றாகவே இருந்தது. யாருடைய நாய், நோய் வந்தபோது யார் பார்த்தது என்று டாக்டர் கேட்டார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஸ்ரீகலா கூசாமல் சொன்னாள்.

“எனக்க நாயாக்கும். நான்தான் நோக்குனேன்.”

டாக்டர் உருகிப்போனார். ஒரு தெருநாய்க்கு இத்தனை பாடுபட எத்தனை பேருக்கு மனசு வரும் என்று, காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி புகழ்ந்தார். வளர்த்தவளிடம்தான் அடங்கும் என்று, தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கழுத்தில் ஊசி ஏறியது. நாய் லேசாக முனகிவிட்டு அவள் மணிக்கட்டை நக்கத் தொடங்கியது. புகழ்ச்சியைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்த நாக்கின் சூட்டை அவளால் பொறுக்க முடியவில்லை.

“டாக்டரே, இதையும் இதுக்க கூடப்பெறந்ததுகளையும் சாக்கில கெட்டிக் களையச் சொன்னது நானாக்கும்.”

டாக்டரின் முகம் மாறிப்போயிற்று. நிரம்பிக்கொண்டிருந்த ரத்தப்பையைச் சரிபார்த்தார்.

“தலைய விட்டிராதீங்க சேச்சி. ஊசி உள்ள கெடக்கு. இப்ப அதுக்கு ஒங்கள விட்டா ஆரு உண்டு?”

ஸ்ரீகலா விடவில்லை. கண்ணீர் நாயின் நெற்றியில் விழுந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பிங்கு பிழைத்துக்கொண்டது. ஆயுசு கெட்டி என்று அவள் கணவர் சுனில்குமார் அதைத் தூக்கிக் கொஞ்சி, பிடி என்று அவளிடம் நீட்டினார். ஸ்ரீகலாவுக்குக் கை நீளவில்லை. சாக்கில் போன குட்டிகளுக்கும் இதே வயசுதான்.