ஜெராக்ஸ் அக்கா சொல்லாதது

நூற்றெழுபதாவது பிரதி சூடாக வந்து விழுந்ததும் ஜெராக்ஸ் அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "மூணாவது பத்தியில வர்ற அக்கா நான்தானே?" என்று கேட்டாள். பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்த கமா அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கமா என்பது வகுப்பு வைத்த பெயர். ஆங்கிலமும் இதழியலும் இரண்டாம் ஆண்டு படிக்கிற அவளுடைய வாக்கியங்கள் முற்றுப்புள்ளியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போய்விடும். துறையின் மாத இதழில் இதுதான் அவளுக்கு முதல் கட்டுரை, கல்லூரி வாசலில் இருக்கும் இந்தக் கடையைப் பற்றி. மூன்று நாள் வந்தாள். மூன்று நாளும் கூட்டம். நான்காம் நாள் கெடு. அன்று பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது, கூடவே கற்பனையும் கிடைத்தது. அக்கா சொல்லியிருக்கக்கூடியதை, அக்காவுக்குச் சிரமம் வைக்காமல், தானே எழுதிக்கொண்டாள். ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, அக்காவா படிக்கப்போகிறாள் என்று ஒரு தைரியம். இதழின் பிரதிகளே அக்காவின் இயந்திரத்தில்தான் எடுக்கப்படும் என்பது மட்டும் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

"ஒன்பது வருஷமா உங்க நோட்ஸைப் போடறேன். கொஞ்சமாவது ஒட்டாதா?" என்றாள் அக்கா. பிறகு விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'நான் தாள்களை அல்ல, இந்தப் பிள்ளைகளின் கனவுகளை நகலெடுக்கிறேன்' என்கிற அர்த்தத்தில் போனது அந்த வரி. பேருந்தில் எழுதியபோது கமாவுக்கே கண் கலங்கியிருந்தது.

"கனவையா? அசைன்மெண்ட்டைத்தானேம்மா எடுக்கறேன். அதுவும் ஒருத்தன் எழுதினதை நாப்பது பேருக்கு."

கமா உண்மையைச் சொன்னாள். இதழைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியரின் வழக்கத்தையும் சொன்னாள். பிரதிகள் வெளியே போகும் முன், யார் சொன்னதாக வரி இருக்கிறதோ அவருக்கெல்லாம் சாரே போன் போட்டுக் கேட்பார். போன வருடம் ஒரு சீனியர் அப்படி மாட்டி வெளியே போனவன்தான், இன்றுவரை அவன் எழுதிய ஒரு வரியும் இதழில் வரவில்லை. கடைக்கெல்லாமா கூப்பிடப்போகிறார் என்று கமா கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் கணக்கும் தப்பு. கல்லாவின் மேல் இருந்த போன் அடித்தது. அக்கா எண்ணைப் பார்த்தாள்.

"உங்க சார்தான். நான் சொன்னதுதான்னு சொல்லிடட்டுமா? எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

கமாவின் தலை பாதி ஆடிவிட்டது. மீதிப் பாதியை நிறுத்தியது நேர்மை என்று சொன்னால் அவளே சிரிப்பாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததில் ஒரு அரிப்பு கிளம்பியிருந்தது: இந்தப் பொம்பளை நிஜமாக என்னதான் சொல்லியிருப்பாள்? இப்போது ஆமாம் போட்டுவிட்டால் அதை இனி எந்த முகத்தோடு கேட்பது?

"என்கிட்ட குடுங்கக்கா."

சாரிடம் உண்மையை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள், இரண்டும் முற்றுப்புள்ளியில் முடிந்தன. பிரதிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு நாலு மணிக்குத் துறைக்கு வரச் சொல்லிவிட்டு சார் போனை வைத்துவிட்டார். கோபமா, வேறு ஏதாவதா, குரலில் பிடிபடவில்லை. கடிகாரத்தில் இரண்டே கால்.

"போச்சா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா. நீங்க சொல்லுங்க. இத்தனை வருஷத்துல இந்த மெஷின்கிட்ட நின்னு என்ன பார்த்தீங்க?"

இதுவரை அக்காவிடம் பக்கத்துக்கு எவ்வளவு என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை போலிருந்தது. குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தாள். உள்ளே, இயந்திரத்தின் மூடிக்கு அடியில் பிள்ளைகள் மறந்துவிட்டுப்போன அசல்கள்: மதிப்பெண் பட்டியல், விடுப்புக் கடிதம், யாருடைய அப்பாவுக்கோ எடுத்த எக்ஸ்ரே அறிக்கை.

"நகலைப் பத்திரமா எடுத்துட்டு அசலை விட்டுட்டுப் போயிடுவாங்க. வருவாங்கன்னு வச்சிருக்கேன்." அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு நீலத்தாளை எடுத்தாள். "இது லவ் லெட்டர். ரெண்டு காப்பி கேட்டான்."

"ரெண்டா? ரெண்டாவது யாருக்கு?"

"அதான் ஆறு வருஷமா யோசிக்கறேன்."

பிரதி எடுக்க வந்த வரிசையில் முதலில் நின்றவன் தன் தாள்களைக் கீழே வைத்துவிட்டு எட்டிப்பார்த்தான். அவன் தோளுக்கு மேல் இன்னொருத்தி. அக்கா நீலத்தாளை மெல்லப் பிரிக்க, கமா கெட்டுப்போன பிரதி ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.